தொக்கம் எடுக்கப் போய் ஆறு மணி நேரத்தைத் தொலைச்சோம்

எங்க பாப்பாவுக்கு அப்போ ஒரு வயசு பத்து மாசம். வீடு சென்னை கொருக்குப்பேட்டை. சாயங்காலம் ஆறரை மணிக்கு வீல்னு கத்த ஆரம்பிச்சா. எச்சில் ஒழுகிட்டே இருந்துச்சு, தண்ணி குடுத்தா முழுங்காம வெளிய தள்ளினா. சாப்பிட்டது தொண்டையில அடைச்சிருக்கும்னு அத்தை பயந்தாங்க. பக்கத்து வீட்டக்கா, "தொக்கம் எடுத்துட்டு வந்துடுங்க, சரியாயிடும்"னாங்க. உள்ள சிக்கினதை வாயால உறிஞ்சி எடுக்குறதா சொல்ற நாட்டு வைத்தியம் அது.

பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஒருத்தர் வீட்டுல எடுக்குறார். எங்களுக்கு முன்னாடி ஒரு பையன். அவங்க ஆயா கொய்யாப்பழம்னு சொன்னாங்க, கொய்யா விதை வந்துச்சு. அத்தை "மீன் சாப்பிட்டா"ன்னாங்க. அவர் பாப்பா கழுத்துல ஒரு குழலை வச்சு உறிஞ்சி, கிண்ணத்துல துப்பினார். மெல்லிசா ஒரு மீன் முள். 300 ரூபாய் வாங்கிக்கிட்டார்.

அன்னைக்கு நான் ஊட்டினது சுறாப்புட்டு. சுறாவுக்கு ஏதுங்க அந்த மாதிரி முள்? இது எனக்கு உறைச்சது ராத்திரி பதினொரு மணிக்கு, அவ பழுப்பா வாந்தி எடுத்தப்போ. அவருக்குப் போன் பண்ணேன். "எடுத்த இடம் புண்ணா இருக்கும், காலையில பாத்துக்கலாம்"னு வச்சுட்டார். வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

எக்ஸ்ரேயில வட்டமா ஒண்ணு. நான் காசுன்னு நினைச்சேன். டாக்டர் ஓரத்தைக் காட்டி, "ரெட்டை வளையம் தெரியுது பாருங்கம்மா, இது பட்டன் பேட்டரி"ன்னார். அத்தையோட சுகர் மெஷினுக்கு அன்னைக்கு மதியம்தான் பேட்டரி மாத்தினோம். 2032னு போட்டிருக்குமே, 20 மில்லிமீட்டர் அகலம், அதுதான். தீர்ந்துபோனதுன்னு டேபிள் மேல வச்சிருந்தோம்.

மெஷினை ஓட்டத்தான் அதுல தெம்பில்ல, தொண்டையைச் சுட மிச்சம் இருக்குமாம். உணவுக்குழாய்ல ஈரத்தோட ஒட்டினதும் மின்சாரம் பாஞ்சு, அந்த இடத்துல காஸ்டிக் சோடா மாதிரி உண்டாகி சதையை அரிக்குது. ரெண்டு மணி நேரத்துலயே ஆழமாப் புண்ணாயிடும். நாங்க ஆறு மணி நேரம் விட்டிருந்தோம். குழாய் விட்டு வெளிய எடுத்த பிறகும் அரிப்பு நிக்கிறதில்ல. மூச்சுக்குழாய்க்கு ஓட்டை விழலாம், பக்கத்துல போற பெரிய ரத்தக்குழாய் வாரக்கணக்கு கழிச்சுக் கூட உடையலாம்னு சொல்லி வார்டுலயே வச்சிருந்தாங்க. அந்த ராத்திரிகள்ல நான் கண்ணே மூடல.

இப்போ புண் ஆறின இடம் சுருங்கிடுச்சு. மயக்கம் குடுத்து அதை விரிச்சு விடுறாங்க, மூணு தடவை ஆச்சு. குழைச்ச இட்லிதான் இறங்குது.

பேட்டரி முழுங்கிட்டாங்கன்னு சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க, வண்டி இல்லைன்னா 108. வாந்தி எடுக்க வைக்காதீங்க, சோறு தண்ணி குடுக்காதீங்க. ஒரு வயசு தாண்டின குழந்தை, முழுங்கி 12 மணி நேரத்துக்குள்ள, முழுங்கவும் முடியுதுன்னா போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு டீஸ்பூன் தேன் குடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல வேண்டாம். தேன் தேடிக்கிட்டு நிக்காதீங்க. ஒரு வயசுக்குள்ள தேனே கூடாது. பொம்மையில வர்ற குட்டிக் காந்தங்களும் இப்படித்தான். ரெண்டு உள்ள போனா நடுவுல குடல் சிக்கி ஓட்டையாயிடும்.

தொக்கம் எடுத்தவரைப் போய்க் கேட்டோம். "நான் எடுத்தது முள்ளு, அது வேற, இது வேற"ன்னார். அப்பவும் வாசல்ல நாலு பேர் குழந்தையோட உக்காந்திருந்தாங்க. ஒரு அம்மா மடியில இருந்த குழந்தைக்கு எச்சில் ஒழுகிட்டு இருந்துச்சு. எக்ஸ்ரே எடுத்தீங்களான்னு கேட்டேன். இல்லைன்னாங்க. கையைப் பிடிச்சு எழுப்பி ஸ்டான்லிக்கு ஆட்டோ ஏத்தி விட்டேன்.