28,500 வெள்ளியும் நான்கு எலுமிச்சம் பழங்களும்: ரீகோன் டிராக்டர் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இதை எழுதும்போது எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. கடந்த வியாழக்கிழமைதான் பட்டறைக்காரர் எஞ்சினைத் திறந்து காட்டினார். 28,500 வெள்ளி கொடுத்து நான் வாங்கிய டிராக்டர் எங்கள் நிலத்துக்கு வந்து 38 நாள் ஆகிறது. அதில் 11 நாள் மட்டுமே அது ஓடியிருக்கிறது. விற்றவரின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கே எழுதக் கூடாது என்று வழக்கறிஞர் சொல்லியிருப்பதால் எழுதவில்லை. ஜப்பானிலிருந்து பழைய இயந்திரங்களைக் கொள்கலனில் இறக்கி, கழுவி, பெயிண்ட் அடித்து, ரீகோன், அதாவது புதுப்பித்த வண்டி என்று கைப்பேசியில் படம் போட்டு விற்கும் கொட்டகைகளில் ஒன்று என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்.

எங்களுடையது பெரிய பண்ணை அன்று. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம் ஐந்து ஏக்கர் நிலம், தகரக் கூரை போட்ட ஒரு லாயம், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற நான்கு குதிரைகள். 1864இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தய மன்றம் 2025 மே 31ஆம் தேதி தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்த பிறகு, மன்றம் இருந்த பத்து கந்தோங்கில் வாழ்நாளெல்லாம் சைஸாக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக வேலை பார்த்த என் பெரியப்பா தமக்குத் தெரிந்த இரண்டு குதிரைகளை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். மற்ற இரண்டும் ஏற்கெனவே இருந்தவை. வார இறுதியில் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் கற்றுக்கொடுப்பதில் தீவனச் செலவு ஓரளவு கட்டுப்படியாகிறது.

குதிரை வைத்திருப்பவருக்கு உண்மையான வேலை லத்தி அள்ளுவதுதான். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு லத்தியும் சிறுநீருமாக 20 கிலோவுக்கு மேல் போடும். சிறுநீரில் ஊறிய மரச்சீவலையும் சேர்த்தால் நான்கு குதிரைகளுக்கும் நாளொன்றுக்கு 100 கிலோவைத் தாண்டிவிடும். நம் நாட்டு வெக்கையில் ஈ முட்டையிட்ட ஒரு வாரம், பத்து நாளில் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கிவிடுவதால், இதை அள்ளாமல் ஒத்திப்போடவும் முடியாது. இரண்டு ஆண்டுகளாக நானும் என் மனைவியும் தள்ளுவண்டியில்தான் அள்ளிக் கொட்டினோம். மழைக்காலத்தில் வண்டியின் ஒற்றைச் சக்கரம் சேற்றில் புதைந்து, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்ற ஒரு மாலையில்தான், முன்பக்கம் லோடர், அதாவது அள்ளும் வாளி வைத்த சின்ன டிராக்டர் ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். லத்தி அள்ள லோடர், மேய்ச்சல் திடலில் லாலாங் புல் வெட்டப் பின்னால் மாட்டும் ஸ்லேஷர், குதிரையேற்ற மணலைச் சமன்படுத்த ஒரு பரம்பு. இவ்வளவுதான் எனக்குத் தேவை.

கொட்டகைக்கு நான் போனது ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அங்கிருந்தவர் நம்மவர், நாற்பது வயதிருக்கும். "வாங்கண்ணே, குதிரைக்கா?" என்று கேட்டுவிட்டு, "குதிரைக்குச் சத்தம் ஆகாதே அண்ணே, மூணு சிலிண்டர் எடுத்துக்குங்க, மெதுவா ஓடும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் விழுந்தேன். அதற்கு முன் நான் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம் குதிரை என்றதும் சிரித்தார்கள். இவரோ குதிரை எதற்கு மிரளும் என்று தெரிந்தவர்போல் பேசினார். ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று நின்ற ஒரு வண்டியைக் காட்டினார். 27 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், மீட்டரில் 812 மணி நேரம், ஜப்பானில் ஒரு வயதான விவசாயி வயலில் மட்டும் ஓட்டியது என்றார். சாவியைத் திருப்பியதும் ஒரே முறையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதற்கு முன்பு பானெட்டின் மேல் நான் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. "இப்பத்தான் அந்தப் பக்கத்திலிருந்து ஓட்டிக்கிட்டு வந்தோம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்குத்தான் இன்றைக்கு 28,500 வெள்ளி விலை கொடுத்திருக்கிறேன்.

5,000 வெள்ளி முன்பணத்தை அவர் சொன்ன கணக்குக்கு மாற்றினேன். கணக்கில் இருந்தது கடையின் பெயர் இல்லை, ஒரு தனிநபரின் பெயர். "தம்பியோட கணக்கு, கம்பெனிக் கணக்குல ஏதோ சிக்கல்" என்றார். மீதி 23,500 வெள்ளியை வண்டி வந்து இறங்கிய அன்று ரொக்கமாகக் கொடுத்தேன். லோரியோடு அவரே வந்திருந்தார். நான் கேட்காமலேயே ஒரு பையிலிருந்து நான்கு எலுமிச்சம் பழங்களை எடுத்து, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் வைத்து, லோடரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டி, "ஏத்துங்கண்ணே, எல்லாம் நல்லதா நடக்கும்" என்று கைகூப்பினார். என் மனைவி கண்கலங்கிவிட்டார். அந்தப் பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தபோது, ரசீதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் இருவருக்குமே வரவில்லை.

முதல் வாரம் ஓடியது. இரண்டாம் வாரம் காலையில் சாவியைத் திருப்பினால் முக்கி முனகி, நாலைந்து முறைக்குப் பிறகுதான் பிடித்தது. பிடித்ததும் லாயமே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை. அவர் சேர்த்துக் கொடுத்த ஐந்து அடி ஸ்லேஷரை மாட்டி ஈர லாலாங்கில் இறக்கினால் எஞ்சின் அப்படியே அணைந்துவிடும். வெட்டும் அகலம் ஒவ்வோர் அடிக்கும், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் ஏறத்தாழ 5 குதிரைத்திறன் வேண்டும், ஐந்து அடிக்கு 25 வேண்டும் என்ற கணக்கை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். விளம்பரத்தில் போடுவது எஞ்சினின் திறன். தண்டுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. ஆகவே, அவர் சொன்ன 27 உண்மையாகவே இருந்தாலும் அந்த ஸ்லேஷர் அதற்குத் திணறலாகத்தான் இருந்திருக்கும். பி.டி.ஓ.வில் நான்கு வேகம் இருப்பதைப் பெருமையாகச் சொல்லி, "வேகத்தைக் கூட்டி வெட்டுங்க" என்று தொலைபேசியில் யோசனை வேறு சொன்னார். அந்த உயர்ந்த வேகங்கள் ஜப்பானிய வயல்களில் ரோட்டரி கலப்பைக்காக வைக்கப்பட்டவை. ஸ்லேஷருக்கு உரியது நிமிடத்துக்கு 540 சுற்று. அவர் பேச்சைக் கேட்டிருந்தால் கத்தி கழன்று யார் காலிலாவது பாய்ந்திருக்கும்.

பத்தாம் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. வாளி நிறைய ஈர லத்தியோடு உரக்குழியை நோக்கிச் சரிவில் இறங்கும்போது, வலப்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. பிரேக்கை மிதித்தேன், நிற்கவில்லை. இவ்வகைச் சிறு டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு. நான்கு சக்கர இயக்கம் போட்டிருந்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். என் வண்டியிலோ அந்தக் கைப்பிடி ஆடியதே தவிர உள்ளே எதையும் இழுக்கவில்லை. வாளியைத் தரையில் இறக்கியதால் தப்பித்தேன். முன்னால் லோடர் இருந்தால் பின்னால் அதற்கு ஈடாகக் கனம் மாட்ட வேண்டும் என்பதை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்பு வளைவும் அதில் கிடையாது. "லாயத்துக் கூரையில இடிக்கும், இல்லாததே வசதி" என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் எஞ்சின் நின்றுபோனது. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த பட்டறைக்காரர் முதலில் எண்ணெய் மூடியைத் திறந்தார். உள்ளே தே தாரே எனும் பால் தேநீரின் நிறத்தில் குழம்பு. அடியில் திருகைக் கழற்றியதும் முதலில் வழிந்தது தண்ணீர், பிறகுதான் எண்ணெய். எஞ்சினின் மேல்மூடியான ஹெட் விரிசல் விட்டிருக்கிறது, அதை ஏதோ பசையால் அடைத்திருக்கிறார்கள் என்றார். பிறகு அவர் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. கிளச் பெடலில் ரப்பர் புதிது. அதன் அடியிலிருந்த இரும்போ தேய்ந்து வளைந்திருந்தது. மீட்டரின் கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, அதைச் சுற்றியிருந்த பலகையில் திருப்புளி வழுக்கிய தடங்கள். கிரீஸ் ஏற்றும் நிப்பிளின் வாயிலேயே பெயிண்ட் அடைத்திருந்தது. அதாவது பெயிண்ட் அடித்த நாளிலிருந்து ஒருவரும் கிரீஸ் வைக்கவில்லை. பானெட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த மாடல் எண் ஒன்று, எஞ்சின் தகட்டில் பெயிண்டைச் சுரண்டிய பிறகு தெரிந்த எண் வேறொன்று. அது 18 குதிரைத்திறன் வண்டி. நான்கு குதிரை வைத்திருப்பவனிடம் ஒன்பது குதிரையைத் திருடிவிட்டார்கள் என்று பட்டறைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியப்பா ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயக் காலத்தில் தினமும் விடியற்காலையில் குதிரையை வெளியே எடுக்கும் முன் நான்கு கால்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். ஒரு காலில் சூடு தெரிந்தாலும் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. பானெட் வெதுவெதுப்பாக இருந்ததைச் சொன்னேன். "சூடு தெரிஞ்சும் ஏன்டா வாங்கினே?" என்று மட்டும் கேட்டார்.

எஞ்சின் நின்ற நாளிலிருந்து விற்றவரிடமிருந்து வந்த பதில்களை அப்படியே எழுதுகிறேன். முதல் நாள், "மெக்கானிக்கை அனுப்புறேன் அண்ணே, கவலைப்படாதீங்க." மூன்றாம் நாள், "மெக்கானிக் ஈப்போவில இருக்கார்." ஐந்தாம் நாள், உதிரிப்பாகம் ஜப்பானிலிருந்து வர வேண்டும். எட்டாம் நாள், "நீங்க ஓட்டத் தெரியாம ஓட்டியிருக்கீங்க, தண்ணி பார்த்தீங்களா?" அண்ணே என்ற சொல் அத்தோடு காணாமல் போனது. பத்தாம் நாள் வேறொரு குரல் பேசி, வாரண்டி வாய்மொழியில் கிடையாது, ரசீதில் இருந்தால் காட்டுங்கள் என்றது. ரசீதை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். "பயன்படுத்திய டிராக்டர் ஒன்று, இருக்கும் நிலையிலேயே விற்கப்பட்டது, 28,500." மாடல் இல்லை, எஞ்சின் எண் இல்லை, குதிரைத்திறன் இல்லை, மணி நேரம் இல்லை. இப்போது நான் அனுப்பும் செய்திக்கு ஒற்றைக் குறி மட்டும் விழுகிறது, அவருக்குப் போய்ச் சேர்வதில்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், 5 வெள்ளிக் கட்டணம்தான், 50,000 வெள்ளி வரை கோரலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆசையோடு பாரத்தை நிரப்பினேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகச் சொந்த உபயோகத்துக்கும் வீட்டு உபயோகத்துக்கும் வாங்கப்படும் பொருள்களுக்கானது. காசு வாங்கிக் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்கும் பண்ணைக்கு வாங்கிய டிராக்டர் அதற்குள் வருவது கடினம் என்று வழக்கறிஞர் அந்த ஆசையையும் நிறுத்தினார். வழக்கறிஞர் இல்லாமல் நடத்தும் சிறு கோரிக்கை வழக்குக்கு உச்சவரம்பு 5,000 வெள்ளி. ஆகவே 28,500 வெள்ளிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முறையாக வழக்குப் போட வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் கைகொடுக்கலாம். ஆனால் "இருக்கும் நிலையிலேயே" என்ற அந்த இரண்டு சொற்களோடுதான் முதலில் மல்லுக்கட்ட வேண்டும் என்கிறார். பொய் மாடல் எண் ஒட்டியிருந்ததற்குப் பட்டறைக்காரர் எடுத்த படங்கள்தான் இப்போது என் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்; அதன் நகலை வாங்கி வைத்திருக்கிறேன்.

டிராக்டர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரமாகச் சிலவற்றைச் சொல்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய் நில்லுங்கள். எஞ்சின் ஜில்லென்று இருந்தால் மட்டுமே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள், சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் திணறுவதை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம், திரும்பி வந்துவிடுங்கள். எண்ணெய் மூடியை நீங்களே திறந்து பாருங்கள். எஞ்சின் தகட்டில் உள்ள எண்ணைப் படம் எடுத்து, அதே எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேண்டாம். லோடர் வைத்த வண்டியைப் பாதுகாப்பு வளைவு இல்லாமல் வாங்காதீர்கள். பணத்தைக் கடையின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் போடுங்கள். போடுவதற்கு முன் அந்தக் கணக்கு எண்ணைக் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்க உதவும் காவல்துறையின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்து உடன் அழைத்துப் போங்கள். அந்தக் கூலியை மிச்சப்படுத்தப் பார்த்துத்தான் நான் 28,500 வெள்ளியை விட்டேன்.

இதே பக்கத்தில் இதே போன்ற ஆரஞ்சு வண்டியை, சக்கரத்தடியில் எலுமிச்சம் பழம் வைத்து வாங்கியவர்கள் வேறு யாரேனும் இருந்தால், ரசீதைத் தூக்கிப் போடாமல் என்னைத் தொடர்புகொள்ளுங்கள். ஒருவருக்கு இருவராகப் போனால் வழக்கு வலுப்படும் என்று வழக்கறிஞர் சொல்கிறார்.