பன்னிரண்டா, தொண்ணூற்றைந்தா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தெற்குப் பகுதிக்கு நாலு பேர் பைக்கில் போவது என்று முடிவாகிவிட்டால், அடுத்த வேலை சண்டை போடுவது. நாங்களும் போட்டோம். இரண்டு பேர் 12-ஆம் எண் சாலை என்றார்கள், இரண்டு பேர் 95 என்றார்கள். நான் 12 கட்சி. இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு கட்சி மாறிவிட்டேன். ஆனாலும் கேட்கிற எல்லாருக்கும் 95-ஐச் சொல்ல மாட்டேன்.

ஸயான் தேசியப் பூங்கா பக்கத்தை முதலிலேயே ஒதுக்கிவிட்டோம். அங்கே 1930-இல் திறந்த சுரங்கப்பாதை அழகுதான், ஆனால் சீசனில் கார்களுக்குப் பின்னால் கிளட்சைப் பிடித்துப் பிடித்தே கை வலித்துவிடும்.

12-ஆம் எண் சாலை பாங்குவிச் ஊருக்குப் பக்கத்தில் 89-ஆம் எண் சாலையிலிருந்து பிரிந்து டோரி வரை போகிறது, சுமார் 200 கிலோமீட்டர். ஆரம்பத்திலேயே ரெட் கேன்யனில் சிவப்புப் பாறையைக் குடைந்த இரண்டு வாயில்களுக்குள் சாலை நுழையும். அப்புறம் பிரைஸ் கேன்யன் திருப்பம். இதெல்லாம் படங்களில் பார்த்ததுதான். எஸ்கலான்டே ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போதுதான் நிஜமாகவே ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவீர்கள். கீழே கண்ணுக்கெட்டிய வரை வெளிறிய மணற்பாறை, யாரோ மாவைக் கொட்டி விரலால் அளைந்தது போல. அதற்குள் இறங்கி, எஸ்கலான்டே ஆற்றைக் கடந்து, கால்ஃப் கிரீக் வழியாக மேலேறினால் ஹாக்பேக். ஒடுங்கிய பாறை முதுகு, அதன் மேல் சாலை, இரண்டு பக்கமும் பள்ளம், ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லை. பக்கக்காற்று அடிக்கிற நாளில் அங்கே வேடிக்கை பார்க்கத் தோன்றாது.

அடுத்து வரும் போல்டர் என்ற சிற்றூருக்கு 1930களில்கூடத் தபால் கோவேறு கழுதை மேல்தான் போனது. அங்கிருந்து டோரி வரைக்கும் உள்ள மலைப்பகுதிக்குத் தார் போட்டு முடித்தது 1985-இல். சாலை 9,600 அடி வரை ஏறுகிறது. கீழே வேர்த்து ஜாக்கெட் ஜிப்பைத் திறந்து வைத்திருந்தவர்கள் மேலே பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினோம். மாடுகள் வேலியில்லாமல் மேயும், மான்களும் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் இந்த மலையைக் கடக்கத் திட்டம் போடாதீர்கள்.

சாலை என்ற அளவில் 12-க்குத்தான் என் ஓட்டு. வளைவுகள், உயர மாற்றம், பார்வைக்கு விருந்து, எல்லாம் உண்டு. பெட்ரோலும் சாப்பாடும் ஊருக்கு ஊர் கிடைக்கும். (ஞாயிற்றுக்கிழமை சில கடைகள் மூடியிருக்கும், ஞாயிறை ஓய்வு நாளாகக் கொள்ளும் மார்மன் கிறிஸ்தவர்களின் ஊர்கள்.) பிரச்சினை வேறு இடத்தில். பத்து நிமிடத்துக்கு ஒரு காட்சிமுனை வருகிறது. ஒருவனுக்குப் படம் எடுக்க வேண்டும், ஒருவனுக்கு வளைவு கெடக்கூடாது, ஒருவனுக்கு காபி. நடுவில் ஒரு மோட்டார் வீடு (படுக்கை, சமையலறையோடு கூடிய பெரிய வண்டி) வந்து நுழைந்தால் இரண்டு பேர் முந்திவிடுவார்கள், இரண்டு பேர் பின்னால் மாட்டிக்கொள்வார்கள். பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. அன்று நாலு பேரும் ஒன்றாக ஓட்டியது மொத்தம் ஒரு மணி நேரம் இருக்கலாம். சாயங்காலம் டோரியில் உட்கார்ந்தபோது, நாலு பேரும் நாலு வெவ்வேறு பயணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

95-இல் அப்படி நடக்க வாய்ப்பில்லை. ஹாங்க்ஸ்வில்லிலிருந்து பிளாண்டிங் வரை கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், வழியில் ஊர் என்று எதுவும் கிடையாது. அமெரிக்காவின் 200-ஆவது ஆண்டான 1976-இல் முழுக்கத் தார் போட்டு முடித்தார்கள், அதனால் இருநூற்றாண்டு நெடுஞ்சாலை என்று பெயர். நார்த் வாஷ் என்ற இடுக்கில் சாலை நுழையும்போது செம்பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்து, நம் வண்டிச் சத்தத்தை நமக்கே திருப்பித் தருகின்றன. பிறகு சுவர் விலகுகிறது, ஹைட் அருகே பாலத்தில் கொலராடோ ஆற்றைக் கடக்கிறீர்கள். பவல் ஏரியின் தலைப்பகுதி அது. தண்ணீர் இறங்கிப் போய், படகு இறக்கக் கட்டிய காங்கிரீட் சரிவு மட்டும் வெறும் தரையைப் பார்த்து நிற்கிறது. பாலத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றோம். வெகு நேரம் ஒரு வண்டியும் வரவில்லை. யாரும் கிளம்பலாம் என்று சொல்லவில்லை.

வளைவுகள் 12 அளவுக்கு இல்லை. ஆனால் பெட்ரோல் கணக்கு உங்களை ஒன்றாகக் கட்டிப்போடும். எங்களில் ஒருவன் ஹார்லியின் ஃபார்ட்டி எயிட் பைக் வைத்திருந்தான். அதன் டேங்க் எட்டு லிட்டர்கூடப் பிடிக்காது. 160 கிலோமீட்டர் ஓடினால் பெரிய விஷயம். ஆகவே பெரிய டேங்க் வண்டியில் ஒரு கேன் கட்டினோம், அவன் வேகமே எல்லாருக்கும் வேகம். "மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி ஓட்டுறோம்" என்று புலம்பியவனும் விட்டுப் போகவில்லை. போனால் யாராவது விழுந்தாலும் தெரியாது. தண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்க வேண்டும். நாங்கள் இட்லிப்பொடி தடவிய சப்பாத்தியை நேச்சுரல் பிரிட்ஜஸில் வைத்துத் தின்றோம். அங்கே மூன்று இயற்கைப் பாலங்கள், ஒவ்வொன்றையும் ஓடைத் தண்ணீர் குடைந்தது. ஒவாச்சோமோ பாலத்துக்கு நடை குறைவு, ரைடிங் பூட்ஸோடு போகலாம்.

சண்டை மறுபடியும் 261-ஆம் எண் சாலைத் திருப்பத்தில் வந்தது. அதில் தெற்கே போனால் மோக்கி டக்வே என்ற இறக்கம். மேட்டுச் சமதரையின் ஓரத்தில் தார் நின்றுபோய், ஐந்து கிலோமீட்டர் சரளையில், கொண்டை ஊசி வளைவுகளாக 1,100 அடி இறங்க வேண்டும். 1950களில் யுரேனியத் தாது லாரிகளுக்காக வெட்டிய பாதை. கொல்லிமலை ஓட்டியிருக்கிறேன் என்று வீரம் பேசலாம். கொல்லிமலையில் தார் உண்டு. முதல் கியரில், எஞ்சின் பிடியில், முன் பிரேக்கை மறந்துவிட்டு இறங்கினால் சாதாரண வண்டியே போதும். பின்னால் ஆளும் இரண்டு பெட்டியும் ஏற்றிய பெரிய ஹார்லி என்றால் வேண்டாம், நேராக பிளாண்டிங் போய்விடுங்கள். மழை பெய்திருந்தாலும் அதே பதில்தான். வாடகை வண்டியாக இருந்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல நிறுவனங்கள் தாரில்லாத சாலையைத் தடை செய்திருக்கும். எங்களில் இருவர் இறங்கினோம், இருவர் பிளாண்டிங் வழியாகச் சுற்றி வந்து மெக்சிகன் ஹாட் என்ற ஊரில் சேர்ந்தார்கள். 95 பயணத்தில் பிரிந்தது அந்த ஒரு இடத்தில்தான், அதுவும் பேசி வைத்து.

யாருக்கு எது? முதல் முறை போகிறவர்கள், தம்பதியாகப் போகிறவர்கள், ஓட்டும் திறமை ஆளுக்கு ஆள் மாறுபடும் கூட்டம் என்றால் 12. மேற்கிலிருந்து கிழக்கே, மதியத்துக்கு மேல் எஸ்கலான்டேயைத் தாண்டினால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். இருட்டும் முன் போல்டரில் தங்கிவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்து ஓட்டிப் பழகியவர்கள் 95. ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் வெள்ளம் வரும் காலம், அப்போது வானிலை பார்க்காமல் அந்த இடுக்குகளுக்குள் போகக் கூடாது. மூன்று நாள் இருந்தால் சண்டையே வேண்டாம். டோரியையும் ஹாங்க்ஸ்வில்லையும் 24-ஆம் எண் சாலை இணைக்கிறது, கேபிடல் ரீஃப் தேசியப் பூங்கா வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குள். பூங்காவுக்குள் ஃப்ரூட்டா என்ற இடத்தில் பழைய பழத்தோட்டங்கள் இருக்கின்றன, பருவத்தில் பறித்துத் தின்னலாம்.

அடுத்த மே மாதம் 95-க்கே மறுபடி போகிறோம். ஃபார்ட்டி எயிட்காரன் டேங்கை மாற்றப் போவதாகச் சொன்னான். மற்ற மூன்று பேரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.