ஆக்டேவியா ஆர்எஸ்ஸிலிருந்து ஆடி டிடிக்கு: சென்னையில் இந்த மாற்றம் கட்டுப்படியாகுமா?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 காரை விற்றுவிட்டு, 2015-இல் இங்கே அறிமுகமான தலைமுறையைச் சேர்ந்த ஆடி டிடி 45 டிஎஃப்எஸ்ஐ என்ற இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பயன்படுத்தப்பட்ட கார் சந்தையில் வாங்கினேன். இரண்டிலும் இருப்பது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்; ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது; குதிரைத்திறனும் அதே 230. அடித்தளமும் ஃபோக்ஸ்வாகன் குழுமம் தன் பல கார்களுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் எம்க்யூபி என்பதால், பணம் கொடுத்து எதைப் புதிதாகப் பெற்றேன் என்று நண்பர்கள் கேட்பது நியாயமே.

பெற்றது காரின் சிறிய அளவும் சாலைப் பிடிமானமும்தான். டிடி ஏறத்தாழ அரை மீட்டர் நீளம் குறைவு, உயரம் 1.35 மீட்டர்தான், வெளிப்புறத் தகடுகள் அலுமினியம். ஆக்டேவியாவில் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும்; ஈரச் சாலையில் சட்டென்று அழுத்தினால் அவை வழுக்கி, ஸ்டியரிங் கையில் துடிக்கும். டிடியின் குவாட்ரோ அமைப்பு தேவைக்கேற்பப் பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பதால், நூறு கிலோமீட்டர் வேகத்தை 5.3 விநாடியில் எட்டுவதாக நிறுவனம் சொல்கிறது. ஆக்டேவியாவுக்கு அது 6.8. ஆனால் அண்ணா சாலையில் இந்த எண்ணுக்கு வேலையே இல்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில், ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே மூக்கு உள்ளே திரும்பி, பின்பகுதி தாமதமின்றித் தொடர்கிறதே, அதற்காகத்தான் இந்தக் கார். ஆக்டேவியாவும் அந்த மலையில் வேகமாகவே ஏறியது. ஆனால் அதன் நீளமும் எடையும் ஒவ்வொரு வளைவிலும் தெரிந்தன.

உள்ளே எனக்கு மிகவும் பிடித்தது ஏசி. டாஷ்போர்டில் வட்டமான ஐந்து காற்றுத் திறப்புகள் உள்ளன. வெப்பநிலையைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் அதைக் காட்டும் சிறு திரையும் அவற்றின் நடுவிலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. மே மாதப் பகலில் ஓட்டும்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டித் திருகினால் போதும். நடுவில் பெரிய திரை கிடையாது. வரைபடம் ஓட்டுநரின் முன்னால் மட்டுமே தெரிவதால், பக்கத்தில் இருக்கும் என் மனைவி வழி சொல்ல முடிவதில்லை. அவருக்கு இது உண்மையான குறை.

இழப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆக்டேவியாவின் டிக்கி 590 லிட்டர், பின்கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும். டிடியில் 305 லிட்டர்தான். பின்னிருக்கை பை வைக்கத்தான் உதவும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை இதில் ஏற்றி இறக்குவது அவர்களுக்குத் துன்பம். கோவிலுக்கும் மருத்துவமனைக்கும் போய்வர வீட்டில் இன்னொரு கார் இல்லாதவர்கள் இந்த மாற்றத்தை நினைக்கவே வேண்டாம். அடித்தள வாகன நிறுத்தத்தின் சரிவிலும், வண்ணம் பூசாத வேகத்தடைகளிலும் மெதுவாகத்தான் ஏறி இறங்க வேண்டும்.

டிடியின் உற்பத்தி 2023-இல் நின்றுவிட்டதால், இனி கிடைப்பதெல்லாம் பழைய கார்களே. கியர்பெட்டிக்கும் குவாட்ரோ இணைப்புக்கும் எண்ணெய் மாற்றிய ரசீதுகளைக் கேட்டு வாங்குங்கள். சென்னைப் பதிவெண் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் மனத்தில் வையுங்கள்: சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கைத் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இவ்வளவு தாழ்ந்த காருக்கு, வேளச்சேரி போன்ற பகுதியில் குடியிருந்தால், காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்பையும் தனியாகச் சேர்த்துக்கொள்வது அவசியம். சாதாரண முழுக் காப்பீட்டில், தண்ணீர் புகுந்து இன்ஜின் பழுதானால் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை.