ஹட்டனில் ஒரு டயர் கடை: கெட்டது எது என்று பார்த்துவிட்டு மாற்றுகிறார்கள்

மூன்று வாரமாக என் மோட்டார் சைக்கிளின் பின் டயரில் காற்றழுத்தம் காட்டும் சென்சர் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வால்வில் மூடிபோலத் திருகும் வகை அது. காலையில் கொட்டகலையிலிருந்து கிளம்பும்போது ஹேண்டிலில் உள்ள திரையில் பின் சக்கரத்துக்கு வெறும் கோடுதான் தெரியும். தலவாக்கலை தாண்டி வெயில் ஏறினால் 26 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) என்று காட்டி, சிவப்பு விளக்கு மின்னும். நான் வைப்பது 33. மாலையில் மகளைப் பின்னால் உட்காரவைத்து ரதல்ல குறுக்கு வீதியில் பனிமூட்டத்துக்குள் இறங்குகிறேன். அந்த விளக்கை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் ஓட்டுவது பெரிய வேதனை.

முதலில் போன இடத்தில் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "செட்டே போச்சு, புதுசு வாங்குங்க" என்றார்கள். அப்புறம்தான் டிக்கோயா போகும் வீதியில் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் பழைய லொறி டயர்கள் அடுக்கியிருக்கும்.

கடைக்கார அண்ணன் முதலில் சோப்புத் தண்ணீரை எடுத்தார். பின் சென்சரின் அடியில் தடவியதும் கடுகு மாதிரி சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்தன. சென்சரைக் கழற்றி மறுபடி தடவினார், குமிழி இல்லை. "பாத்தீங்களா தம்பி, டயர்ல ஒண்ணுமில்ல. இது திருகியிருக்கிற வரைக்கும் வால்வு ஊசிய அமுக்கித் திறந்தே வச்சிருக்கும். உள்ள இருக்கிற ரப்பர் வளையம் வெடிச்சா காத்து இது வழியாத்தான் போகும்" என்றார். இரவு சாதாரண மூடியோடு விட்டுப் பார்த்தேன். காலையில் காற்று அப்படியே இருந்தது.

மறுநாள் முன் சென்சரையும் பின் சென்சரையும் இடம் மாற்றினார். கோடு முன் சக்கரத்துக்குப் போய்விட்டது. ஆக, திரை நல்லது, சென்சர்தான் கெட்டது. புது சிஆர்1632 பற்றரி போட்டும் அது எழும்பவில்லை. திறந்து காட்டினார். மழைத்தண்ணீர் இறங்கி, பற்றரி உட்காரும் தகடு பச்சை பிடித்துப் போயிருந்தது.

இன்னொரு சந்தேகமும் தீர்ந்தது. நல்ல முன் சென்சரும், வால்வில் வைத்துக் காற்றை அளக்கும் கையளவியை விட 2 குறைத்தே காட்டும். அது பழுதில்லையாம். என் சென்சர் மொத்த அழுத்தத்தை அளந்து, கடல் மட்டக் காற்றழுத்தத்தைக் கழித்துக் காட்டும் வகை. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருப்பதால் இங்கே வெளிக் காற்றழுத்தம் குறைவு, அதனால் கணக்கு 2 பிஎஸ்ஐ இடிக்கும். 1,868 மீட்டர் உயர நுவரெலியாவில் 3 இடிக்கும். அவிசாவளைக்கு இறங்கியபோது பார்த்தேன், சென்சரும் கையளவியும் ஒன்றாகவே காட்டின. மலையில் இருப்பவர்கள் இதைத் தெரியாமல் காற்றைக் கூட்டி அடித்துவிடாதீர்கள்.

புதுச் சென்சர் கடையில் இல்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உள்ள உதிரிப்பாகக் கடையில் சொல்லி, பஸ்ஸில் பார்சலாக வர நான்கு நாள் ஆனது. அவசரக்காரர்களுக்கு இது குறைதான். வந்ததும் திரையின் பொத்தானை அழுத்திப் பிடித்து, பின் சக்கரத்தைத் தேர்ந்து, சென்சரைத் திருகினார். சில விநாடியில் இலக்கம் வந்துவிட்டது. நான் கேட்காமலே ரப்பர் வால்வை மடக்கிக் காட்டினார், அடியில் வெடிப்பு. சென்சரின் பாரம் சக்கரம் சுற்றும்போது ரப்பரை இழுக்குமாம். டயரை விளிம்பிலிருந்து இறக்கி, நட்டுப் போட்டு இறுக்கும் உலோக வால்வு போட்டார். இதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

சென்சர், வால்வு விலை தவிர கூலி 1,500 ரூபாய்தான். காசாகக் கொண்டுபோங்கள், கார்ட் எடுப்பதில்லை. மதியத்துக்குப் பிறகு லொறிகள் வந்து நிற்கும், காலை எட்டரைக்குப் போனால் உங்கள் வண்டியை நிதானமாகப் பார்ப்பார்.