கட்டணத்தைப் பிரித்துக் காட்டிய இசையமைப்பாளர்

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட எங்கள் ஸ்டிரிங் குவார்ட்டெட்டுக்காக ஓர் இசையமைப்பாளரிடம் புதிய படைப்பு ஒன்றை எழுதி வாங்கினோம். சுமார் 15 நிமிடம் ஓடும். இசையைக் கேட்டவர்கள் அதைப் பற்றிச் சொல்லட்டும். அவர் கட்டணம் பேசிய விதத்தைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன், ஏனென்றால் முதல்முறை எழுதி வாங்கும் குழுக்கள் திணறுவது அந்த இடத்தில்தான்.

நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. இவரிடமிருந்து முதலில் வந்தது கேள்விகள்தான். எத்தனை நிமிடம், எந்தெந்த வாத்தியம், எப்போது கைக்கு வர வேண்டும், அரங்கேற்றத்துக்கு அப்புறம் எவ்வளவு காலம் நீங்கள் மட்டுமே வாசிக்க விரும்புகிறீர்கள், ஒலிப்பதிவு செய்வீர்களா? பதில்களை வாங்கிக்கொண்டு கொட்டேஷன் அனுப்பினார். எழுதும் கட்டணம் ஒரு வரி, பார்ட், அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்குமான தனி இசைத்தாள், தயாரிக்கும் செலவு இன்னொரு வரி, ஒத்திகைக்கு வந்துபோகும் செலவு மூன்றாவது வரி.

அந்த இரண்டாவது வரியைப் பார்த்து எங்களில் ஒருவர் முகம் சுளித்தார். எல்லா வாத்தியங்களும் சேர்ந்த ஸ்கோர்தான் இருக்கிறதே, அதிலிருந்து பிரித்தெடுக்க எதற்குத் தனிக் காசு என்று கேட்டார். பார்ட் கைக்கு வந்ததும் அவரே பேசாமல் இருந்துவிட்டார். வயோலா பார்ட்டில் ஒரு பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்கக் காலியாக விடப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த வரியிலிருந்து நெடுநேரத்துக்கு வயோலாவுக்கு ஓய்வே கிடையாது. பக்கம் திருப்பக் கை எங்கே இருக்கிறது? அதனால் கடைசியாக ஓய்வு வரும் இடத்திலேயே பக்கத்தை முடித்திருந்தார். என் செல்லோ பார்ட்டில், நீண்ட மௌனத்துக்குப் பிறகு நான் நுழைய வேண்டிய இடத்துக்கு முன்னால் முதல் வயலின் வாசிப்பது பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. இந்த வேலையை அரைகுறையாகச் செய்தால் ஒத்திகை நேரம் முழுவதும் அதற்கே போய்விடும்.

நிமிடக் கணக்கு ஒரு தொடக்கம், அவ்வளவுதான். விரைவான பகுதி ஒரே நிமிடத்தில் பக்கம் பக்கமாக ஓடும், நிதானமான பகுதி ஒரு பக்கத்திலேயே நிற்கும். ஆனால் அந்த நிதானமான பக்கம்தான் தன்னை அதிக நாள் பிடித்துவைத்தது என்றார். வாத்தியங்கள் கூடினால் கட்டணமும் கூடும். முழு ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரில் ஒரே பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வாத்திய வரிகளை நிரப்ப வேண்டியிருக்கும்.

மொத்தத் தொகை எங்கள் கைக்கு எட்டவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னோம். அவர் பேரம் பேசவில்லை. நிமிடத்தைக் குறைக்கலாம், இல்லையென்றால் வேறு குழுக்களைச் சேர்த்துப் பங்கு போடலாம் என்றார். அமெரிக்காவில் இசையமைப்பாளர் ஜோன் டவரின் 'மேட் இன் அமெரிக்கா' அப்படி 65 ஆர்கெஸ்ட்ராக்கள் சேர்ந்து எழுதி வாங்கியது, 2005இல் அரங்கேறியது. நாங்கள் இன்னும் இரண்டு குவார்ட்டெட்டுகளைச் சேர்த்துக்கொண்டோம். ஒரு வருடத்துக்கு எங்கள் மூன்று குழுக்கள் மட்டுமே வாசிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம். அந்தக் காலத்தை நீட்டினால் கட்டணம் ஏறும். வேறு யாரும் வாசிக்க முடியாத காலத்தில் மற்றவர்கள் வாசிப்பதால் வரும் ராயல்டியும் அவருக்குக் கிடைக்காதே. காப்புரிமை அவரிடமே இருக்கிறது. அது சரிதான்.

பாதிப் பணம் கையெழுத்தானதும், மீதி ஸ்கோரும் பார்ட்டும் கைக்கு வந்ததும். அரங்கேற்றம் முடிந்து மீதியைத் தரட்டுமா என்று கேட்டோம், மறுத்துவிட்டார். கச்சேரி தள்ளிப்போனால் அதற்கு அவர் என்ன செய்வார்? எழுதியவர் பணத்துக்குக் காத்திருந்த கதை எங்கள் துறையில் பழசு. 1822இல் ரஷ்ய இளவரசர் கோலிட்சின் பெத்தோவனிடம் குவார்ட்டெட் படைப்புகள் கேட்டார், ஒன்றுக்கு 50 டுகாட் தங்கக் காசு என்று முடிவானது. ஓபஸ் (படைப்பு எண்) 127, 132, 130 என மூன்றும் எழுதப்பட்டன. பெத்தோவன் 1827இல் இறந்தபோதும் கணக்குத் தீரவில்லை. பாக்கி விவகாரம் வாரிசான தம்பி மகன் கார்ல் காலத்துக்கும் இழுத்தது. அந்த மூன்றையும் வாசித்து வளர்ந்த எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

குறை என்று சொன்னால், ஒலிப்பதிவு பற்றி முதலிலேயே கேட்டவர் கொட்டேஷனில் அதற்கு வரி போடவில்லை. பின்னால் தனியாகப் பேச வேண்டி வந்தது. ஒத்திகைக்குப் பிறகு எவ்வளவு திருத்தம் கட்டணத்துக்குள் அடங்கும் என்பதும் எழுத்தில் இல்லை, கேட்டதையெல்லாம் மனம் கோணாமல் செய்து தந்தார் என்றாலும்.

அடுத்த படைப்புக்கும் இவரிடமே போகிறோம், இந்த முறை கிளாரினெட்டையும் சேர்த்து. ஒலிப்பதிவையும் திருத்தத்தையும் எங்கள் முதல் கடிதத்திலேயே எழுதி விலை கேட்போம்.