வார்ப்பு அலுமினியக் கறை: சாரல் ஊரில் பல வருட அனுபவம்

செங்கோட்டைப் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு, என்ஜினின் வார்ப்பு அலுமினியப் பாகங்களில் கறை பிடிக்கும் தொல்லை பழக்கமானதுதான். ஜூனில் ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்க ஆரம்பித்தால் ஆகஸ்ட் வரை பானெட்டுக்குள் ஈரம் சரியாகக் காய்வதே இல்லை. என்னுடையது கார்புரேட்டர் காலத்து மாருதி ஜென். 993 சிசி என்ஜின், பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். வேலை விஷயமாகப் புளியரை மலையேறிக் கொல்லம் வரை அடிக்கடி போய்வருவதால் கடற்காற்று உப்பும் சேர்ந்துகொள்கிறது. கியர்பாக்ஸ் உறை, ஆல்டர்னேட்டர், இன்டேக் மேனிஃபோல்டு, தெர்மோஸ்டாட் மூடி என்று எல்லாவற்றிலும் கறை. பல வருடமாக இவற்றை நானே துடைத்துப் பராமரிக்கிறேன். எது மழையைத் தாண்டி நின்றது, எது நிற்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கறையைப் பார்க்க வேண்டும். கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தால் அது ஆயிலும் தூசியும். பச்சையாக ஓரத்தில் பொருக்குக் கட்டியிருந்தால் கூலன்ட் கசிவு, அங்கே கேஸ்கட்டை (இணைப்பில் கசிவைத் தடுக்கும் தகடு) பார்க்காமல் கறையைத் துடைத்துப் பயனில்லை. இரும்பு போல்ட் தலையைச் சுற்றி மாவு தூவினாற்போல் வெள்ளையாக இருந்தால் அரிப்பு. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும். என் காரில் தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டைக் கழற்றியபோது மேலே தெரிந்த வெள்ளை கொஞ்சம்தான், உள்ளே மரையெல்லாம் அதே மாவு.

ஆயில் கறைக்கு நான் இன்றுவரை மாற்றாதது டீசலும் பழைய பல் துலக்கும் பிரஷும். என்ஜின் முழுக்க ஆறியபின், பேட்டரி இணைப்பைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆல்டர்னேட்டரையும் பாலித்தீன் கவரால் மூடிவிட்டுத்தான் தொடங்குவேன். டீசலில் ஊறிய அழுக்கை பனியன் வேஸ்ட்டால் எடுத்துவிட்டு, வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மறுபடி தேய்த்தால் டீசல் பிசுக்கும் போய்விடும். பாதிக்கு மேல் கறை இதிலேயே முடிந்துவிடுகிறது.

மிச்சமிருக்கும் சாம்பல் திட்டுக்கும் வெள்ளைப் பூப்புக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும், பிஎச் சுமார் 4 முதல் 8.5 வரைதான் அது உறுதியாக நிற்கும். இந்தக் கரைசல் 4-க்கும் கீழே. அதனால்தான் கறை கழல்கிறது, அதனாலேயே இதை ராத்திரி முழுக்க ஊறவைக்கவும் கூடாது. ஐந்து பத்து நிமிடம், காயவிடாமல் நைலான் பிரஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். அலுமினியப் பாத்திரத்தில் புளியைக் கொதிக்கவிட்டுக் கறுப்பை எடுப்பார்களே, அதே வேலைதான்.

காஸ்டிக் சோடா கலந்த டிகிரீசரை (ஆயில் பிசுக்கு எடுக்கும் திரவம்) தயவுசெய்து தொடாதீர்கள். ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் அதை அடித்ததில் என் கியர்பாக்ஸ் உறை அரைமணி நேரத்தில் கரி பூசியது போல ஆகிவிட்டது. காரணம் இதுதான்: வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கானும் செம்பும் கலந்திருக்கும். பரவலாகப் புழங்கும் ஏடிசி12 கலவையில் சிலிக்கான் மட்டுமே 9.6 முதல் 12 சதவீதம். காஸ்டிக் அலுமினியத்தைக் கரைத்துவிடும், இவை கரையாமல் மேலே கறுப்பாகத் தங்கிவிடும். கழிவறை கழுவும் ஆசிட்டும் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு குழி குழியாக அரித்துவிடும்.

ஏசி காயில் கழுவுகிற சில திரவங்கள் அந்தக் கறுப்பை நொடியில் எடுக்கும், உண்மைதான். ஆனால் அவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் அல்லது அது போன்ற ஃப்ளோரைடு இருக்கிறது. தோல் வழியாக இறங்கி எலும்பிலுள்ள கால்சியம் வரை போகும், வலி பல மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம். ஒரு பழைய காரின் அழகுக்காக வீட்டு முற்றத்தில் வைத்துச் செய்கிற வேலை அல்ல அது.

கம்பி பிரஷும் ஸ்டீல் உல்லும் இரும்புத் துகளை விட்டுச்செல்லும், அடுத்த சாரலில் துருப்புள்ளி தெரியும். நைலான் பிரஷே போதும். கேஸ்கட் உட்காரும் பரப்பில் மெஷினில் மாட்டித் தேய்க்கும் எந்த உராய்வுத் தட்டும் கூடாது. அந்தப் பொடி ஆயிலில் கலந்தால் பேரிங் போய்விடும். என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டை மணல் அடிக்க (சேண்ட் பிளாஸ்டிங்) கொடுப்பதும் இதே ஆபத்துதான். உள்ளே ஒரு மணல் தங்கினாலும் சிலிண்டருக்குள்தான் போய்ச் சேரும்.

பளபளப்பு பற்றி ஒரு வார்த்தை. ஆல்டர்னேட்டர் உறையை ஒருமுறை பஃப் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன். புளியரை மெக்கானிக் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வார்ப்புத் தோலு போயிட்டுல்லா, மழைக்கு நிக்காது" என்றார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மங்கித் திட்டுத்திட்டாகிவிட்டது. பாலிஷ் போடாத கியர்பாக்ஸ் உறை, கழுவியபின் கம்ப்ரசர் காற்றால் முழுக்க ஊதிக் காயவைத்து, டபிள்யூடி-40 தெளித்துத் துணியால் ஒற்றியதோடு, அதே மழையில் சுத்தமான மங்கல் வெள்ளியாகவே நின்றது. அதனால் பாலிஷை விட்டுவிட்டேன். மழைக்கு முன்னும் பின்னும் இந்த எண்ணெய்ப் பூச்சு மட்டும்தான். டிரைவ் பெல்ட்டிலும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போல்ட்டுகளைத் திரும்பப் போடும்போது மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆன்டி-சீஸ் பேஸ்ட் கொஞ்சம் தடவுங்கள். தெர்மோஸ்டாட் மூடியில் அப்படிச் செய்ததிலிருந்து வெள்ளை மாவு திரும்ப வரவில்லை. பேஸ்ட் தடவிய மரை எளிதாக வழுக்கும் என்பதால் முறுக்கும்போது மட்டும் கொஞ்சம் கையை அடக்கி முறுக்குங்கள், அலுமினிய மரை சீக்கிரம் உரிந்துவிடும்.