வீட்டில் பைலேட்ஸ்: பாய், பேண்ட், ரிங், பந்து. மார்த்தாண்டம் பக்கம் எது தாங்கும், எதை வாங்கலாம்?

ஆன்லைனில் ‘பைலேட்ஸ் கிட்’ என்று நான்கு சாமான்களைச் சேர்த்து விற்கிறார்கள்: பாய், ரப்பர் பேண்ட் (இழுத்துச் செய்யும் நீளப் பட்டை), ரிங் (கையாலோ தொடையாலோ அமுக்கும் வளையம்), சின்னப் பந்து. இவற்றில் பாயும் பேண்டும் கொடுக்கிற காசுக்குத் தகும். பந்து இருந்தால் நல்லது. ரிங் தொடக்கத்தில் தேவையே இல்லை. இந்த உடற்பயிற்சி முறையை உருவாக்கிய ஜோசப் பைலேட்ஸ் 1945-ல் நூலாக வெளியிட்ட 34 தரைப் பயிற்சிகளில் ஒன்றுக்குக்கூட பாயைத் தவிர வேறு கருவி வேண்டாம். செட்டாக வாங்கினால் பெரும்பாலும் பாய்தான் மட்டமாக வரும். அதனால் தனித்தனியாக வாங்குங்கள்.

யோகா பாய் 4 அல்லது 6 மி.மீ. தடிமன் இருக்கும். நின்று செய்யும் ஆசனங்களுக்கு அது போதும். பைலேட்ஸில் பாதி நேரத்துக்கு மேல் மல்லாந்தோ ஒருக்களித்தோ கிடக்கிறோம், முதுகை வளைத்து உருளுகிறோம். டைல்ஸ் தரையில் 6 மி.மீ. பாய் விரித்து உருண்டால் முதுகு முள்ளும் வால் எலும்பும் நேராகத் தரையில் இடிக்கும். அந்த வலிக்குப் பயந்து இடுப்பைச் சட்டென்று தூக்கிப் போடுவார்கள், பயிற்சியே கெட்டுவிடும். 10 மி.மீ. சரியான அளவு. 15 மி.மீ. நுரைப் பாய் கடையில் தொட்டுப் பார்க்கச் சுகமாக இருக்கும். ஆனால் அமுங்குவதால் ஒருக்களித்துக் காலைத் தூக்கும்போது உடம்பு ஆடும், கை ஊன்றினால் மணிக்கட்டு அதிகமாக மடங்கும்.

விலை குறைந்த என்பிஆர் (ஒரு வகை செயற்கை ரப்பர்) நுரைப் பாய் நகம் பட்டாலே பிய்யும். இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற நம் ஊரில் சுருட்டி மூலையில் வைத்தால் பூசணம் பிடிக்கும். டிபிஇ (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) பாய் தண்ணீரை உள்ளே இழுக்காது, ஈரத்துணியால் துடைத்து நிழலில் விரித்து ஆறவிட்டால் போதும். வெயிலில் மட்டும் போடாதீர்கள், ஓரம் சுருண்டுவிடும். இதற்கும் காசில்லை என்றால் கனமான ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுங்கள், குறையில்லை. கோரைப்பாய் டைல்ஸில் வழுக்கும், வேண்டாம்.

அடுத்தது பேண்ட். 300 ரூபாய்க்குள்ளேயே உருப்படியானது கிடைக்கிறது. நீளம் 2 மீட்டர் இருக்கட்டும், குறைந்தது 1.5 மீட்டர். கிட்டில் பல சமயம் வட்டமான குட்டை லூப்தான் வரும். அது தொடைக்குப் போடுவது, இந்த வேலைக்கு ஆகாது. மஞ்சள், சிவப்பு, பச்சை என்று நிறத்தை நம்பி வாங்காதீர்கள், எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நிறக்கணக்கு கிடையாது. இழுத்துப் பார்த்துத்தான் தெரியும்: காலை நீட்டி உட்கார்ந்து, பேண்டை இரு பாதங்களிலும் மாட்டி, முழங்கை விலாவைத் தொடும்வரை மெதுவாகப் 10 தடவை இழுங்கள். ஐந்தாறு தடவைக்குள் தோள் காதை நோக்கி ஏறினால் அந்த பேண்ட் உங்களுக்கு அதிகம்.

பேண்டுக்கு இந்த ஊரில் பெரிய எதிரி எண்ணெய். நடுவு (இடுப்பு) வலிக்குத் தன்வந்தரம் குழம்போ கொட்டஞ்சுக்காதி தைலமோ (ஆயுர்வேத வலி எண்ணெய்கள்) தேய்த்துவிட்டு, குளிக்காமல் அப்படியே பேண்டைப் பிடிப்பவர்கள் உண்டு. குலசேகரம், அருமனை பக்கத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: எண்ணெய் பட்ட ரப்பர் ஊதும், பிசுபிசுக்கும், பலம் போகும். இழுக்கும்போது அறுந்தால் அடி முகத்தில்தான். வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, டால்கம் பவுடர் தூவித் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். எடுக்கும்போது வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், ஊசித்துளை தெரிந்தாலே தூக்கிப் போட்டுவிடலாம். ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாத தோல் என்றால் லேடெக்ஸ் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள்.

பந்து 23 முதல் 25 செ.மீ. வரை, முக்கால் பங்குக்கு மேல் காற்று வேண்டாம். ரிங் வாங்கியே தீருவேன் என்பவர்கள் 35 முதல் 38 செ.மீ. விட்டத்தில், கைப்பிடி மெத்தையைப் பசையால் ஒட்டாமல் திருகு போட்டுப் பிடித்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

சாமான் எதுவானாலும் பலன் செய்கிற விதத்தில் இருக்கிறது. ‘ஹண்ட்ரட்’ என்ற முதல் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை 90 டிகிரியில் தூக்கி, தலையையும் தோளையும் உயர்த்தி, நீட்டிய கையை ஒரு சாண் உயரத்துக்குள் மேலும் கீழும் அடிக்க வேண்டும். 5 எண்ணிக்கை மூச்சு உள்ளே, 5 வெளியே. இப்படி 10 மூச்சு, மொத்தம் 100. எல்லாரும் தவறுவது ஒரே இடத்தில்: மூச்சு விடும்போது தொப்புளுக்குக் கீழே வயிறு மேலே துருத்தும். அப்படியானால் அடிவயிற்றின் ஆழத் தசை வேலை செய்யவில்லை, பாரம் முழுக்கக் கழுத்துக்கும் நடுவுக்கும் போகிறது. தலையைக் கீழே வைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, 50 எண்ணிக்கையோடு நிறுத்துங்கள். தொப்புளுக்கு இரண்டு விரற்கடை கீழே கையை வைத்துப் பார்த்தால் துருத்துவது உடனே தெரியும்.

குனிந்து ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும் அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களுக்கும் இந்த ஆழத் தசைதான் தேவை. நாள்பட்ட நடுவு வலியில், சும்மா இருப்பதைவிட பைலேட்ஸ் வலியைக் குறைக்கிறது என்று 2015-ல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்பதற்கு அதில் உறுதியான சான்று இல்லை. மனசுக்குக் கிடைப்பதும் மூச்சு வழியாகத்தான்: எண்ணிக்கை, விலா விரிவது, இடுப்பு அசையாமல் நிற்பது மூன்றையும் கவனிக்கும்போது வேறு யோசனை ஓடாது. 20 நிமிடம் அப்படிச் செய்தால் நெஞ்சுப் படபடப்பு தணிவதை உணரலாம்.

எழுந்தவுடன் உருளும், குனியும் பயிற்சிகள் வேண்டாம். இரவில் முதுகெலும்பு வட்டுகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும், முதல் ஒரு மணி நேரம் வளைத்தால் அழுத்தம் கூடும். விடியுமுன்னே வெட்டுக்குப் போகிறவர்கள் சாயங்காலம் செய்யட்டும். எலும்பு மெலிந்து பலம் குறைந்தவர்களும் (ஆஸ்டியோபோரோசிஸ்), காலுக்கு இறங்கும் வலி உள்ளவர்களும் இந்த உருளும், குனியும் பயிற்சிகளைத் தவிர்த்துவிட்டு முதலில் பிசியோவைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் நான்காம் மாதத்துக்குப் பிறகு வெகுநேரம் மல்லாந்து படுக்கக்கூடாது.

பார்சல் வந்த அன்றே ஸ்கேல் வைத்துப் பாயின் தடிமனை அளந்துவிடுங்கள், 10 என்று போட்டு 8 வருவதுண்டு. ஒரு ராத்திரி விரித்துப் போட்டும் ஓரம் படியாவிட்டால் ரிட்டர்ன் தேதி முடியுமுன் திருப்பி அனுப்பிவிடுங்கள்.